கடைசியாகத் தொட்டவர்

மனித குலத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல; 'யாராவது' என்கிற சொல்தான். இது விரிவுரை என்று அழைக்கப்பட்டவனின் முடிந்த முடிவு. நெருப்பு சுடும். சக்கரம் கழன்று ஓடும். ஆனால் 'யாராவது' என்ற சொல்லால் இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. "யாராவது கதவைச் சாத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டால் சொன்னவர் கடமையை முடித்தவர் ஆகிறார், கேட்டவர்கள் கேட்டவர்கள் ஆகிறார்கள், கதவு திறந்தே கிடக்கிறது. எல்லாரும் நல்லவர்கள். இதைவிட நாகரிகமான ஏற்பாடு உலகத்தில் உண்டா என்று அவன் கேட்பான். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதையும் தன் கட்சிக்கே சான்றாக எடுத்துக்கொள்வான்.

"நான் செத்தாலும் அந்த யாராவதா மட்டும் ஆக மாட்டேன்" என்பது அவனுடைய பிரகடனம்.

விரிவுரை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல; பார்சல் பிரிக்கும் கொட்டகையில் அவனுக்கு விழுந்த பட்டம். உண்மையான பட்டம் தபால் வழியில் முக்கால்வாசி வந்து நின்றிருந்தது. பாடம் உளவியல். மீதிக் கால்வாசி வராததற்குக் காரணம், தேர்வு தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் என்றான்.

அவனுடைய வேலை கூவுவது. ஓடும் பட்டையில் பார்சல்கள் வரும். சீட்டை எந்திரம் படிக்கும். கசங்கியது, நனைந்தது, கோழி கிண்டிய மாதிரி எழுதியது என்று எந்திரம் கைவிட்டவை விரிவுரையின் முன்னால் வந்து விழும். அவன் விலாசத்தைப் படித்து, அது எந்தக் கூண்டுக்குப் போக வேண்டுமோ அந்த எண்ணைக் கூவுவான். சக்கரம் வைத்த கம்பிக் கூண்டுகள் மொத்தம் இருபத்தாறு. "பதினாலு!" என்றால் பதினாலாம் கூண்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டுவார். தூக்கத்தில் சொன்னாலும் நீட்டுவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். ஆகவே, வாயால் பிழைக்கிறவன் என்று விரிவுரையைப் பற்றிச் சொன்னால் அது வசை அல்ல, பணி விவரம்.

கொட்டகையின் சட்டம் சுவரில் சிவப்பு எழுத்தில் இருந்தது. 'சேதமான பார்சலுக்குக் கடைசியாகத் தொட்டவரே பொறுப்பு.' அதற்குக் கீழே, 'பட்டையை நிறுத்தக் கயிற்றை இழுப்பவர் காரணம் எழுதித் தர வேண்டும்.' இந்த இரண்டு வரிக்குப் பிறகு அங்கே யாருக்கும் கை நீளவில்லை. கிழிந்த பெட்டி ஒன்று வந்தால் அது சாமி ஊர்வலம் போல எல்லாருக்கும் முன்னால் நிதானமாகப் போய், பட்டையின் கோடியில் தொப்பென்று விழும். ஒருமுறை கண்ணாடிச் சாமான் பெட்டி வளைவில் சிக்கி, பின்னால் வந்தவை எல்லாம் அதன் மேல் ஏறி நசுக்கியபோது, நாற்பது பேர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

"பாருங்க, எவ்வளவு ஒழுக்கம்!" என்று விரிவுரை மனம் நெகிழ்ந்தான்.

அவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரே ஆள் எடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். தரையோடு தரையாகப் பதித்த பெரிய எஃகுப் பலகைதான் அவருடைய ராஜ்யம். பலகையில் எதை வைத்தாலும் எதிர்ச் சுவரில் சிவப்பு எண்களில் எடை ஒளிரும். ஒரு நாள் அவர் விரிவுரையைப் பலகையில் ஏற்றி நிறுத்தினார். அறுபத்திரண்டு கிலோ நானூறு கிராம். "இப்ப பேசு" என்றார். அவன் கால் மணி நேரம் பேசினான். எடைக்காரர் எண்ணைப் பார்த்தார்.

"அதே நானூறு கிராம். உள்ள இருந்து எதுவுமே வெளிய வரலையே தம்பி!"

"கருத்துக்கு எடை கிடையாதுண்ணே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கொட்டகையில் விரிவுரையின் அக்காவும் இருந்தாள். உடைந்து வரும் பெட்டிகளுக்கு ஒட்டுப் போடும் மேசை அவளுடையது. மற்றவர்கள் எல்லாரும் எதையும் தொடாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்க, சேதமானதைக் கடைசியாகத் தொடுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவள். தம்பிக்கு மட்டுமல்ல, எடைக்காரர் உட்பட எல்லாருக்கும் அவள் அக்காதான்.

மழைக்காலம் தொடங்கியபோது கொட்டகைக்கு ஒரு நர்ஸ் அம்மாள் வந்தார். கையில் பெட்டி. பெட்டிக்குள் இடுப்பு வரைக்குமான ஒரு ரப்பர் மனிதன். நெஞ்சு நின்றுபோனவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அமுக்கி ரத்தத்தை ஓட வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் போவதாக மேலாளர் அறிவித்தார். "யாராவது முன்னாடி வாங்க" என்றார். யாரும் வரவில்லை. விரிவுரை பெருமையோடு சுற்றிலும் பார்த்தான். பார்த்தால், அக்கா முன்னால் போய் நின்றுகொண்டிருக்கிறாள்.

"இதுதாம்மா நிர்வாகம் கனவு காணுற தொழிலாளி" என்று அவன் பொம்மையைக் காட்டினான். "கை இல்ல, லீவு லெட்டர் எழுதாது. கால் இல்ல, வேற வேலை தேடிப் போகாது. நெஞ்சு மேல ஏறி அமுக்கினாலும் வாய் திறக்காது."

"திறக்கும் தம்பி" என்றார் நர்ஸ் அம்மாள். "சரியா அமுக்கினா 'டக்'குனு ஒரு சத்தம் வரும். வா, அமுக்கிக் காட்டு."

"நான் கொள்கை ரீதியா எதையும் தொடுறதில்லம்மா."

அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நெஞ்சின் நடுவில் உள்ளங்கை, அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்கக் கூடாது, வேகமாக, ஆழமாக. அமுக்குகிறவர் இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவார், ஆள் மாற்ற வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "முக்கியமான விஷயம்" என்று விரலைத் தூக்கினார். "யாராவது போன் பண்ணுங்கன்னு கத்தாதீங்க. யாருமே பண்ண மாட்டாங்க. ஒருத்தரைக் கை காட்டிச் சொல்லணும். நீலச் சட்டை அண்ணே, நீங்க போன் பண்ணுங்க. அப்படி."

நாற்பது பேரும் தங்கள் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். நாற்பதும் நீலம். நிர்வாகம் கொடுத்த சீருடை.

"எந்த நீலச் சட்டைம்மா?" என்றார் எடைக்காரர். கொட்டகை சிரித்தது. நர்ஸ் அம்மாளும் சிரித்துவிட்டார்.

கடைசியில் ஒரு தாள் வந்தது. 'பயிற்சி பெற்றேன்' என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். விரிவுரை 'பெற்றேன்' என்பதை அடித்து, 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மேலாளர் முறைத்தார். "பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றான். அது ஒன்றில் அவனைக் குறை சொல்ல முடியாது.

அன்று மாலை வீட்டில் அக்கா கூடத்துத் தரையில் தலையணையைப் போட்டு, முட்டி போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு உடம்புக்கு என்ன?" என்றான் தம்பி.

"மாரடைப்பு. இருபத்தெட்டு, இருபத்தொம்பது, முப்பது."

"நீ எதுக்கு முன்னாடி போய் நின்னே?"

"முன்னாடி வர்றவங்களுக்கு நாற்காலி போட்டிருந்தாங்கடா. நாள் பூரா நின்னு நின்னு காலு கழண்டு போச்சு. உக்காந்தேன். உக்காந்ததும் காதுல விழுந்துருச்சு, என்ன பண்றது?"

அவன் சுவரில் சாய்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒருத்தன் விழுந்தா மத்தவன் ஏன் கிட்டப் போறதில்ல தெரியுமா? கல்நெஞ்சுன்னு நினைக்காதே. வெக்கம். தப்பாப் பண்ணிட்டா நாலு பேர் சிரிப்பாங்களே, அந்த வெக்கம்."

"செத்துட்டா நாலு பேர் தூக்குவாங்களே, அதுக்கு வெக்கம் கிடையாதா?"

"எலும்பு உடையுமாமே?"

"உடைஞ்ச எலும்பு ஒட்டும். நின்ன நெஞ்சு ஒட்டாது. இந்தா, நீ ஒரு தடவை அமுக்கிப் பாரு" என்று தலையணையைத் தள்ளினாள்.

அவன் அதை வாங்கி, தலையணை எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே பயன்படுத்தினான்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், எடைக்காரர் தம் பலகையின் மேலேயே விழுந்தார்.

தலையும் முதுகும் பலகையில், கால்கள் வெளியே. விளையாடுகிறார் என்றுதான் விரிவுரை முதலில் நினைத்தான். தன்னைத் தானே எடை போடுகிறாராம். சுவரில் எண் ஒளிர்ந்தது. பழக்க தோஷத்தில் ஒருவர் அதைப் படித்தும்விட்டார்: "நாப்பத்தாறு இருநூறு." யாரும் சிரிக்கவில்லை. எடைக்காரர் எழுந்திருக்கவும் இல்லை.

நாற்பது பேர் வட்டமாகக் கூடினார்கள். "மயக்கமாத்தான் இருக்கும்." "தண்ணி தெளிங்க யாராவது." "காத்து வரட்டும், விலகுங்கப்பா" என்று சொன்னவர் ஓர் அடி நெருங்கினார். ஒவ்வொரு முகமும் பக்கத்து முகத்தைப் பார்த்தது. பக்கத்து முகம் பதறவில்லை. ஆகவே இதுவும் பதறவில்லை. இதற்கு என்ன பெயர், எந்தப் பாடம், எத்தனையாவது பக்கம் என்பது வரைக்கும் விரிவுரைக்குத் தெரியும். அவனும் அங்கேதான் நின்றான். தன் கட்சி கண் முன்னால் ஜெயித்துக்கொண்டிருப்பதை முதன்முதலாகப் பார்த்தான். அது நீல நிற உதட்டோடு பலகையில் கிடந்தது. அவனுக்குக் கால் நகரவில்லை. படித்தது தலைதானே, கால் இல்லையே.

வட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா வந்தாள். மணிக்கட்டில் ஒட்டும் டேப் வளையல் போலத் தொங்கியது. எடைக்காரரின் தோளைத் தட்டினாள். "அண்ணே! அண்ணே! கேக்குதா?"

எடைக்காரரின் தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம் வந்தது.

"மூச்சு விடுறாரு!" வட்டம் முழுவதும் நிம்மதியில் தளர்ந்தது.

"இது மூச்சு இல்ல. தரையில போட்ட மீன் வாயைத் திறக்குதுல்ல, அது." அவள் பலகைக்கு வெளியே முட்டி போட்டாள். நர்ஸ் அம்மாள் சொன்னபடியே கையை நீட்டினாள். "நீலச் சட்டை! நீங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

ஏழெட்டுப் பேர் தங்களுக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். விரலுக்கு நேராக நின்றவர், மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்.

அக்கா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. உள்ளங்கையைப் பதித்து அமுக்கத் தொடங்கினாள். சுவரில் எண்கள் துள்ளின. நாற்பத்தாறு, தொண்ணூற்றேழு, நாற்பத்தாறு, தொண்ணூற்றெட்டு. எண்ணிக்கையின் நடுவே தலையைத் தூக்காமலே கத்தினாள்: "டேய்! அந்த வாயை எதுக்குடா வச்சிருக்கே? கூவுடா!"

அவன் வாய் அவனைக் கேட்காமலே திறந்தது.

"பதினாலு!"

ஒரு கை நீண்டது.

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடு! ஒம்போது! பெரிய கதவைத் திறந்து தெருவுல நில்லு, வண்டி வந்தா கையோட கூட்டிட்டு வா! இருபத்திரண்டு, கயிறு!"

பதினாலு போனை எடுத்தார். ஒன்பது ஓடினார். இருபத்திரண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். "காரணம் எழுதணுமேப்பா..."

"இழுய்யா! காரணம் இங்க படுத்திருக்கு!"

பட்டை நின்றது. வேலை நேரத்தில் அந்தக் கொட்டகையில் சத்தம் நின்றதை யாரும் கேட்டதில்லை. அக்கா எண்ணுவது மட்டும் கூரை வரைக்கும் கேட்டது. அந்த அமைதிதான் மேலாளரை அறையிலிருந்து இழுத்து வந்தது.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க! ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

"ஆயிருச்சு சார்" என்றாள் அக்கா. "இதுக்கு மேல ஆகறதுக்கு ஒண்ணுமில்ல. பத்தொம்பது, இருபது..."

"எலும்பு கிலும்பு உடைஞ்சா கேஸ் யார் மேல வரும்?"

"சுவத்துலதான் எழுதியிருக்கே. கடைசியா தொட்டவங்க மேல. என் பேரை எழுதிக்குங்க. இருபத்தி நாலு, இருபத்தஞ்சு..."

மேலாளர் விரிவுரை பக்கம் திரும்பினார். குரலில் கெஞ்சல் இருந்தது. "நீயாவது சொல்லுப்பா. படிச்சவன். அன்னிக்கு அந்தப் பொம்மையை நீதானே கிண்டல் பண்ணினே? வேலை போயிரும்னு உன் அக்காகிட்ட எடுத்துச் சொல்லு."

விரிவுரையின் கண் சுவரில் இருந்தது. தொண்ணூற்றேழு என்று துள்ளிய எண் தொண்ணூற்று மூன்று என்றது. பிறகு எண்பத்தெட்டு. எண்பத்து நாலு. அக்காவின் முழங்கை மடங்கத் தொடங்கியிருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எண் மட்டும் கூட்டத்துக்கு எதிரில் ஒளிவுமறைவில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, எடை குறையுது."

"தெரியுதுடா. இருபத்தி... எத்தனைல விட்டேன்... ஆள் மாத்தணும்." மூச்சு வாங்கியது. "யாராவது வாங்க. யாராவது..."

அவள் வாயிலிருந்தும் கடைசியில் அந்தச் சொல்தான் வந்தது. நாற்பது நீலச் சட்டைகள் தரையைப் பார்த்தன.

பதினெட்டு என்று கூவியிருக்கலாம். பதினெட்டாம் கூண்டுக்காரர் அலமாரியை ஒற்றை ஆளாய்த் தூக்குகிறவர். எண்ணைக் கேட்டால் வந்தே தீருவார். 'பதி' வரைக்கும் நாக்கு போய்விட்டது. அப்போதுதான் விரிவுரைக்கு ஒன்று புரிந்தது. இருபத்தாறு எண்களில் ஒன்றுகூட அவனுடையது அல்ல. கூவுகிறவனுக்குக் கூண்டு கிடையாது. அவனை யாரும் எதற்கும் கூவ முடியாது. இவ்வளவு காலமும் அந்தக் கொட்டகையிலேயே மிகப் பத்திரமான இடத்தில் நின்று, மற்றவர்களின் கோழைத்தனத்துக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தவன் அவன்தான்.

நாக்கை மடக்கிக்கொண்டு முட்டி போட்டான்.

"டேய், உன்னைச் சொல்லச் சொன்னா நீயும் போய் உக்கார்றியா!" மேலாளர் அவன் தோளைப் பிடிக்க ஓர் எட்டு வைத்தார். "உன் வேலையும் சேர்ந்து போகும், தெரியுமில்ல?"

"சார், உங்க காலு பலகை மேல இருக்கு" என்றான் விரிவுரை. "எடை தப்பாக் காட்டுது. எடுங்க."

மேலாளர் குனிந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார். காலை எடுத்துக்கொண்டார்.

அக்கா கையை விலக்கிய கணத்தில் அவன் கையை வைத்தான். சட்டை வேர்வையில் ஈரமாக இருந்தது. அதன் அடியில் ஒரு மனிதனின் நெஞ்சு, பெட்டியும் இல்லாமல் பொம்மையும் இல்லாமல், கதகதப்பாக இருந்தது. அதை அவன் எதிர்பார்க்கவில்லை. முதல் அமுக்கு பயத்தில் மேலோடு போனது. எழுபது. இரண்டாவது எழுபத்தைந்து. நாலாவதோ ஐந்தாவதோ அமுக்கில் கைக்கடியில் 'மளுக்' என்றது. உலகம் நின்றுவிட்டது போல இருந்தது, அவன் நிறுத்தவில்லை. அந்த எலும்பை உடைத்தது நீயா நானா என்று அக்காவும் தம்பியும் இரண்டு மாதம் கழித்து எடைக்காரர் வீட்டிலேயே சண்டை போட்டார்கள். அவர் சட்டையைத் தூக்கி, ஆளுக்கு ஒன்று உடைத்ததாகச் சொல்லிப் பஞ்சாயத்தை முடித்து வைத்தார். ஆனால் அது இரண்டு மாதம் கழித்து. இப்போது அவர் உதடு இன்னும் நீலமாகத்தான் இருந்தது.

"எம்பத்தொம்பது" என்றது ஒரு குரல். இருபத்திரண்டாம் கூண்டுக்காரர், கயிற்றை விடாமலே சுவரைப் படித்துக்கொண்டிருந்தார். "தொண்ணூத்தி மூணு. இன்னும் கொஞ்சம். தொண்ணூத்தேழு! அப்படியே பிடி!"

"வண்டி முக்குல திரும்பிருச்சாம்!" என்றார் பதினாலு, போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

யாரும் கூவாமலே பதினெட்டாம் கூண்டுக்காரர் வந்து, அடுத்த ஆளாக எதிர்ப்பக்கம் முட்டி போட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். மேலாளர் யாரிடமோ போனில் பொறுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தூரத்தில் சைரன் கேட்டது.

"முழங்கையை மடக்காதே" என்றாள் அக்கா, தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி.

விரிவுரை மறுபேச்சுப் பேசாமல் முழங்கையை நிமிர்த்திக்கொண்டு, அமுக்கினான்.